யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் செரி இறால்: பிஎச் ஆடாமல் வைத்திருக்க முழுமையான வழிகாட்டி

"அண்ணை, பிஎச் எட்டைத் தாண்டிப் போச்சு, இறக்க என்ன ஊத்த?"

கண்ணாடித் தொட்டியில் அழகுக்குச் செரி இறால் என்ற சின்ன நன்னீர் இறாலை வளர்க்கத் தொடங்கிய ஆட்கள் என்னிடம் கேட்பதில் முக்கால்வாசி இந்தக் கேள்விதான். பிஎச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண், 7 க்குக் கீழே அமிலம், மேலே காரம். உரும்பிராயில் ஒரு தம்பி கேட்கக்கூட இல்லை, தேசிக்காய் பிழிந்து ஊற்றிவிட்டார். பின்னேரம் 8.2 இல் இருந்த பிஎச் கொஞ்ச நேரத்தில் 6.9 க்கு இறங்கியது. விடியப் பார்த்தால் திரும்ப 8.1. இன்னொரு தேசிக்காய். மூன்றாம் நாள் இருபது இறாலில் பதினொன்று வெளிறிப்போய் அடியில் கிடந்தன.

நடந்தது இதுதான். எங்கள் தண்ணீரில் இருகாபனேற்று நிறையக் கரைந்திருக்கிறது. தேசிக்காய்ப் புளி அதோடு சேரும்போது காபனீரொட்சைட்டு உண்டாகும், அது தண்ணீருக்குள் இருக்கும்வரை பிஎச் கீழே நிற்கும், இரவு முழுக்க எயார் பம்ப் ஓட அது காற்றோடு போய்விடும், பிஎச் பழைய இடத்துக்கே ஏறிவிடும். அந்த இறால்களுக்கு 8.2 ஒரு பெரிய பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கியதைத்தான் அவற்றால் தாங்க முடியவில்லை.

செரி இறால் 6.5 இல் இருந்து 8 வரைக்கும், கொஞ்சம் மேலேயும் வாழும். 7.6 என்றால் 7.6 இலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நீங்கள் கவனிக்க வேண்டிய எண் பிஎச் இல்லை, கேஎச், அதாவது அந்த இருகாபனேற்றின் அளவு. கீழே இருக்கிற வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு படியும் அதற்கு முந்தின படியில் எடுத்த அளவை வைத்துத்தான் நடக்கிறது.

இது செரி, மஞ்சள், நீலம் என்று வருகிற நியோகரிடினா வகைக்கு. கிறிஸ்டல் போன்ற கரிடினா வகைகளுக்குப் பிஎச் 5.5 முதல் 6.5 வரை, கேஎச் பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். அதற்குக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் சரிவராது, அது வேறு வேலை.

1. இறாலுக்கு முன்னம் வாங்க வேண்டியவை

சொட்டு மருந்தாக வரும் கேஎச், ஜிஎச் டெஸ்ட் கிட் ஒன்று (ஜிஎச் என்பது கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த வன்மை). டிடிஎஸ் பேனா ஒன்று, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பெல்லாம் சேர்த்து எவ்வளவு என்று காட்டுவது. பிஎச்சுக்குச் சொட்டு மருந்து கிட் போதும், பேனா மீட்டர் என்றால் அதோடு அளவு சரிபார்க்கும் தூளும் வாங்குங்கள் (6.86 உம் 4.00 உம்), இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் அது காட்டுகிற எண்ணை நம்ப முடியாது. வெப்பமானி, சின்ன எயார் பம்ப், ஸ்பஞ்ச் ஃபில்டர், மூடி போட்ட வாளி இரண்டு, ஒரு கொப்பி.

பட்டையாக வரும் பேப்பர் டெஸ்ட் வேண்டாம். கேஎச் 3 ஆ 6 ஆ என்று அதில் பிரித்துப் பார்க்க முடியாது, எங்களுக்குத் தேவைப்படுவதோ அந்த வித்தியாசம்தான்.

காசு மட்டாக இருந்தால் பிஎச் மீட்டரை விட்டுவிட்டுக் கேஎச் கிட்டை வாங்குங்கள். கேஎச் என்பது தண்ணீரில் இருக்கும் இருகாபனேற்றின் அளவு. இறாலின் கழிவு, மிஞ்சிய சாப்பாடு, பற்றீரியாவின் வேலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் சேர்க்கும், அந்த அமிலத்தைத் தாங்குவது இதுதான். காபனீரொட்சைட்டு மாறாமல் இருந்தால், கேஎச் 8 இல் இருந்து 4 க்குப் பாதியாகும்போது பிஎச் 0.3 தான் இறங்கும். 4 இல் இருந்து 2 க்கு இன்னொரு 0.3. பிஎச் மட்டும் பார்க்கிற ஆளுக்கு இதெல்லாம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது, ஆனால் கேஎச் ஒன்றுக்குக் கீழே போனதும் பிஎச் தாங்க ஆள் இல்லாமல் ஒரே இரவில் விழும். பிஎச் சேதி சொல்லும் நேரத்தில் பிந்திவிடும், கேஎச் முதலே சொல்லிவிடும்.

2. கிணற்றுத் தண்ணீரை இரண்டு தடவை அளந்து பாருங்கள்

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, எங்களுக்கு இருப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் நிலத்தடி நீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கல்சியம் காபனேற்றுத்தான். தண்ணீர் வன்மையாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு வன்மை என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும், அதனால் பக்கத்து வீட்டு எண்ணை வாங்கி வேலை செய்யாதீர்கள்.

அள்ளின உடனே ஒரு தடவை அளவுங்கள். பிறகு ஒரு வாளியில் விட்டு எயார் பம்ப் போட்டு 24 மணித்தியாலம் கழித்து இன்னொரு தடவை. மண்ணுக்குள்ளே இருந்து வரும் தண்ணீரில் காபனீரொட்சைட்டு நிறைய இருக்கும், அதனால் அள்ளினவுடன் பிஎச் 7.2 என்று நல்ல பிள்ளை போல நிற்கும், அடுத்த நாள் 8.1. முதல் அளவை நம்பித் தொட்டியை நிரப்பிய கனபேர் "தொட்டிக்குள்ள ஏதோ பிஎச்சை ஏத்துது" என்று கல்லையும் மணலையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். உங்கள் உண்மையான எண் இரண்டாவதுதான்.

கேஎச் அளப்பது எப்படி என்றால், குழாயில் 5 மில்லிலீற்றர் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டு விட்டு ஆட்டி, பிறகு அடுத்த சொட்டு. பெரும்பாலான கிட்டுகளில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. முதல் சொட்டில் நீலம் வரும், ஒரு கட்டத்தில் அது மஞ்சளாகத் திரும்பும், அந்தச் சொட்டு எத்தனையாவது என்பதுதான் விடை. என் வீட்டுக் கிணற்றுக்குப் பதின்மூன்று சொட்டுவரை நீலமாகவே நின்று பதினான்காவதில் மஞ்சளானது. ஆட்டாமல் மளமளவென்று சொட்டு விட்டால் இரண்டு மூன்று கூடக் காட்டும்.

டிடிஎஸ்ஸையும் குறித்து வையுங்கள். கேஎச் 8, 9 என்று நடுத்தரமாக இருந்து டிடிஎஸ் மட்டும் ஆயிரத்தைத் தாண்டினால் அது சவர்த் தண்ணீர், கறியுப்பு கலந்தது. தீவுப் பகுதியிலும் கரையோரத்திலும் இது சாதாரணம். அப்படியான கிணறு என்றால் கலவைக் கணக்கை விட்டுவிடுங்கள், படி 4 இன் கடைசியில் சொல்லியிருப்பதைச் செய்யுங்கள்.

தோட்டக் காணிக்கு நடுவில் கிணறு இருந்தால் நைத்திரேற்றையும் ஒரு தடவை சோதியுங்கள். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தின் நைத்திரேற்றுக் குடிதண்ணீருக்கான லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டி இருப்பது பலமுறை அளந்து காட்டப்பட்ட விஷயம். இறாலுக்கு 20 க்குக் கீழே இருப்பது நல்லது.

இன்னொன்று, சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் போட்ட கிழமையில் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். குழாய்த் தண்ணீர் எடுப்பவர்களும் குளோரின் நீக்கும் மருந்து போட்ட பிறகே பாவிக்க வேண்டும்.

இந்த அளவுகளை மாரி முடிந்ததும் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை எடுங்கள். மழைக்குப் பிறகு கிணறு இளகியிருக்கும், கோடை முற்ற முற்ற உப்பும் வன்மையும் ஏறும். மாசியில் போட்ட கணக்கு ஆவணிக்குப் பொருந்தாது.

3. மழைத்தண்ணீரை மாரியிலேயே பிடித்து வையுங்கள்

மழைத்தண்ணீரில் கேஎச் பூச்சியம், டிடிஎஸ் 10, 20 தான். எங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தணிக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது, அதுவும் சும்மா கிடைக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரைதான் நல்ல மழை, ஆகவே தொட்டி வைக்க யோசிக்கிற ஆள் முதலில் பரல் வைக்க வேண்டும்.

எவ்வளவு தேவை? 50 லீற்றர் தொட்டிக்கு, ஆவியாவதை நிரப்ப நாளுக்கு ஒரு லீற்றர், கிழமைத் தண்ணீர் மாற்றத்துக்கு ஒரு நாலரை லீற்றர், கூட்டினால் கிழமைக்குப் பதினொன்று, பன்னிரண்டு. தையில் இருந்து புரட்டாதி வரை ஏறத்தாழ 440 லீற்றர். 220 லீற்றர்ப் பரல் இரண்டு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் என்பதால், 3 மீற்றருக்கு 3 மீற்றர் தறப்பாள் ஒன்றை முற்றத்தில் கட்டினால் 25 மில்லிமீற்றர் மழைக்கு 225 லீற்றர் வரும். ஒரு நல்ல மழைக்கு ஒரு பரல்.

தறப்பாள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தகரக் கூரையின் நாகப்பூச்சு மழையில் கரைந்து வரும், நாகமும் செம்பும் மனிதனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவிலேயே இறாலைக் கொன்றுவிடும். ஓட்டுக் கூரை பரவாயில்லை, ஆனால் முதல் இரண்டு மூன்று மழையைப் பீலியால் வெளியே விட்டு, எச்சமும் புழுதியும் கழுவிப்போன பிறகு பிடியுங்கள். சீமெந்துத் தொட்டியில் சேர்த்து வைக்கக் கூடாது. மழைத்தண்ணீருக்குத் தாங்கும் சக்தி இல்லை என்பதால் சீமெந்தில் இருந்து கரையும் சுண்ணாம்பு அதன் பிஎச்சை ஒன்பதுக்கு மேலே கொண்டுபோய்விடும், புதுத் தொட்டி என்றால் இன்னும் மோசம்.

பரல் முந்தி என்ன வைத்திருந்தது என்று கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டுச் சாமான் வந்த பரல் மட்டும்தான், கிருமிநாசினியோ சவர்க்காரமோ வந்தது எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். வாயை நைலோன் வலையால் கட்டி அதற்கு மேல் மூடி போடுங்கள். டெங்குக் காலத்தில் திறந்த பரல் வைத்திருப்பது உங்களுக்கும் அயலுக்கும் ஆபத்து. நுளம்புக் குடம்பிக்குப் போடும் மருந்தைப் பரலுக்குள் போட்டால் குடம்பியோடு சேர்த்து இறாலும் போகலாம், ஆகவே மூடித்தான் காக்க வேண்டும், மருந்தால் அல்ல.

மழைத்தண்ணீர் முடிந்துவிட்டால் வடிகட்டித் தண்ணீர் விற்கும் கடையில் கானில் வாங்கலாம். டிடிஎஸ் பேனாவைக் கையோடு கொண்டுபோங்கள். 30, 40 காட்டினால் நல்லது. சில இடங்களில் ருசிக்காகத் தாதுப்பு சேர்த்து விடுவார்கள், அது 100 க்கு மேலே காட்டும்.

4. கலவைக் கணக்கு

செரி இறாலுக்கு நான் பிடித்துக்கொள்ளும் எண்கள்: கேஎச் 4, ஜிஎச் 5 முதல் 8, டிடிஎஸ் 180 முதல் 250. இந்தக் கேஎச்சில் பிஎச் தானாகவே 7.5 க்குக் கிட்ட வந்து நிற்கும், நீங்கள் அதற்கென்று ஒன்றும் செய்ய வேண்டாம்.

கணக்கு சுகமானது. வேண்டிய கேஎச்சைக் கிணற்றுக் கேஎச்சால் பிரியுங்கள். 4 ஐ 14 ஆல் பிரித்தால் 0.29, அதாவது ஏழில் இரண்டு பங்கு கிணற்றுத் தண்ணீர், ஐந்து பங்கு மழைத்தண்ணீர். அதே கலவையில் ஜிஎச் 18 ஆக இருந்தது 5 ஆகும், டிடிஎஸ் 700 ஆக இருந்தது 200 க்குச் சற்று மேலே நிற்கும். எல்லாம் ஒரே விகிதத்தில் இறங்கும் என்பதால் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு மூன்றும் ஒன்றாகச் சரிவரும்.

கிணற்றுத் தண்ணீரை மட்டும் வைத்துச் செரி வளர்க்க முடியாதா என்று கேட்பார்கள். கேஎச் 9, 10 வரைக்கும் வளர்க்கலாம், குஞ்சும் பொரிக்கும். 14 இல் பெரிய இறால் வாழும், ஆனால் பிஎச் 8.2 ஐச் சுற்றி நிற்கும்போது சின்ன அமோனியாவும் பெரிய நஞ்சு. பிஎச் ஒன்று ஏறினால் நஞ்சான அமோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும், எங்கள் தண்ணீரின் 29, 30 பாகைச் சூட்டில் அது இன்னும் கூடும். ஒரு நாள் சாப்பாடு கூடிப்போனாலும் மன்னிக்கிற தொட்டியாக இருக்க வேண்டும் என்றுதான் 4 ஐச் சொல்கிறேன்.

சவர்க் கிணற்றுக்காரர் முழுக்க மழைத்தண்ணீரோ கான் தண்ணீரோ எடுத்து, இறாலுக்கென்று விற்கும் ஜிஎச், கேஎச் இரண்டும் ஏற்றும் தாதுத்தூளை டப்பாவில் சொன்ன அளவில் கலந்து, டிடிஎஸ் 200 வந்ததும் நிறுத்த வேண்டும். ஜிஎச் மட்டும் ஏற்றும் தூளும் கடையில் இருக்கும், பெயர் பார்த்து வாங்குங்கள். கேஎச் இல்லாத தூளைப் போட்டுவிட்டுப் பிஎச் ஏன் விழுகிறது என்று தேடிய இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கலந்த தண்ணீரை ஒரு நாள் காற்றுவிட்டு, திரும்பக் கேஎச் அளந்து, பிறகே தொட்டிக்கு.

5. கல்லும் மணலும்

எங்கள் முற்றத்துக் கல் சுண்ணாம்புக்கல். கடற்கரை மணலில் சிப்பித் தூள். முருகைக்கல் சொல்லவே வேண்டாம். கஷ்டப்பட்டு கேஎச் 4 க்குக் கலந்த தண்ணீரை இவற்றின் மேல் ஊற்றினால் கல் கரைந்து திரும்ப மேலே ஏற்றிவிடும், பரலில் பிடித்த மழை வீண்.

சோதிக்க வினாகிரி போதும். கல்லைக் காயவைத்து நாலு சொட்டு விடுங்கள், காதுக்குக் கிட்டப் பிடித்தால் சீறுகிற சத்தமும் கேட்கும், நுரையும் வரும். நுரைத்தால் வேண்டாம். மணலை ஒரு கரண்டி எடுத்துக் கிளாசில் போட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். ஆற்று மணலையோ கடையில் வரும் கறுப்புப் பொடிக்கல்லையோ கழுவிப் போடலாம்.

பிஎச்சை இறக்கும் இறால் மண் என்று விலைகூடிய மண் விற்பார்கள். அது கரிடினாவுக்கு. கேஎச் உள்ள தண்ணீரில் போட்டால் மண் இருகாபனேற்றை இழுத்து இழுத்துக் கெதியாகக் களைத்துவிடும், அது களைக்கும் மாதங்களில் ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்துக்கும் பிஎச் ஏறி இறங்கும்.

வாதுமை இலை போடலாம், இறால் மேய்வதற்கு அது அருமையான சாமான், மூன்றாம் நாள் பார்த்தால் நரம்பைச் சுற்றி வரிசையாக இருந்து கிள்ளிக்கொண்டிருக்கும். ஆனால் கேஎச் 4 தண்ணீரில் இரண்டு இலை பிஎச்சை அசைக்காது, அந்த எண்ணத்தில் போடாதீர்கள். தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் இடத்துக்குக் கிட்ட நிற்கும் மரத்து இலை எடுக்கவே கூடாது.

6. தொட்டி பழுக்கட்டும்

தண்ணீர், மணல், ஸ்பஞ்ச் ஃபில்டர், பாசி எல்லாம் போட்டு ஐந்து ஆறு கிழமை இறால் இல்லாமல் ஓட விடுங்கள். பற்றீரியா அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றப் பழகுகிற காலம் இது. அந்த வேலை கேஎச்சைச் சாப்பிடும், ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசனுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான அளவு. அதனால் இந்தக் கிழமைகளில் கேஎச் 4 இல் இருந்து 2 க்குப் போனால் பயப்படாதீர்கள், கலவைத் தண்ணீரால் பாதி மாற்றுங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகி, ஒரு கிழமைக்குக் கேஎச் அசையாமல் நின்றால் தொட்டி தயார்.

7. பார்சலில் வந்த இறாலை விடுவது

கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வரும் பைக்குள் என்ன நடந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். எட்டுப் பத்து மணித்தியாலம் இறால் மூச்சுவிட்டதில் காபனீரொட்சைட்டு கூடிப் பிஎச் இறங்கியிருக்கும், கழிவில் அமோனியா சேர்ந்திருக்கும், ஆனால் பிஎச் குறைவு என்பதால் அது நஞ்சில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு பறந்து பிஎச் ஏறும், அமோனியா நஞ்சாகும். ஆகவே பையைத் திறந்து வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று போகாதீர்கள்.

முதலில் மூடின பையை அரை மணித்தியாலம் தொட்டியில் மிதக்க விடுங்கள், சூடு சமமாகட்டும். பிறகு திறந்து, இறாலைக் கொஞ்சத் தண்ணீரோடு மட்டும் வாளியில் விட்டு மிச்சப் பைத்தண்ணீரை ஊற்றிவிடுங்கள். உடனே எயார் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு. தண்ணீர் நாலு மடங்காகும்வரை, ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம். டிடிஎஸ் பேனாவை வாளியில் வைத்துப் பார்த்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியும், தொட்டியின் எண்ணுக்குக் கிட்ட வந்தால் போதும். வலையால் அள்ளி விடுங்கள், வாளித் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம்.

8. ஆவியாகிப் போன இடத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். நான் பார்த்த கெட்டுப்போன தொட்டிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் கெட்டன.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பும் கல்சியமும் இருகாபனேற்றும் தொட்டிக்குள்ளேயே நிற்கும். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று அடிக்கிற காலத்தில், சூட்டைக் குறைக்க ஒரு சின்ன ஃபானையும் பூட்டினால், 50 லீற்றர் தொட்டியில் நாளுக்கு ஒரு லீற்றர் சுலபமாகப் போகும். அந்த ஒரு லீற்றருக்குக் கிணற்றில் அள்ளி விடுகிறீர்கள் என்று வைப்போம். கேஎச் 14 தண்ணீர் ஒரு லீற்றர், 50 லீற்றருக்குள், நாளுக்கு 0.28 டிகிரி. முப்பது நாளில் எட்டு டிகிரிக்கு மேலே. நாலாக இருந்த கேஎச் பன்னிரண்டு, டிடிஎஸ் 200 ஆக இருந்தது அறுநூறு. நீங்கள் ஒரு தடவைகூடப் பிழையாக எதையும் ஊற்றவில்லை, ஒவ்வொரு நாளும் ஒரு போத்தல் தண்ணீர்தான் விட்டீர்கள்.

இடையில் கிழமைத் தண்ணீர் மாற்றம் செய்தால் ஏற்றம் கொஞ்சம் குறையும், நிற்காது. அதைவிட மோசம் அதற்குப் பிறகு நடப்பது. "டிடிஎஸ் கூடிப்போச்சு" என்று கண்டதும் பாதித் தொட்டியை மழைத்தண்ணீரால் மாற்றுவார்கள், அறுநூறில் பழகிவிட்ட இறால் ஒரு மணித்தியாலத்தில் முந்நூறுக்கு வந்து, நேரத்துக்கு முந்திக் கோது கழற்றப் பார்த்துப் பாதியில் மாட்டிக்கொள்ளும். தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தால் அதுதான். அந்த இறாலைக் காப்பாற்றுவது மிகக் கஷ்டம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நிரப்பிய அன்றைக்கே கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு ரேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு நாளும் அந்த ரேப் வரைக்கும் மழைத்தண்ணீர் அல்லது கான் தண்ணீர் மட்டும். கலவைத் தண்ணீரும் இல்லை, வெறும் மழைத்தண்ணீர். வீட்டில் மற்ற ஆட்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், நீங்கள் இல்லாத நாளில் அம்மா இரக்கப்பட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு விட்டுவிடுவார். மழைத்தண்ணீர்ப் போத்தலைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நிரப்பி வைத்தால் அந்தப் பிழை வராது.

மேலே கண்ணாடி மூடியோ வலையோ போட்டால் ஆவியாவது பாதியாகும், ஆனால் சூடு கூடும். 30 பாகைக்கு மேலே போகிற வீடு என்றால் நான் ஃபான் பக்கம்தான், மழைத்தண்ணீர்ச் செலவைப் பார்க்க மாட்டேன்.

9. கிழமைக்கு ஒரு மாற்றம்

தொட்டியின் பத்து முதல் பதினைந்து வீதம், அதற்கு மேல் வேண்டாம். முதலில் மழைத்தண்ணீரால் ரேப் வரைக்கும் நிரப்பிவிட்டுப் பிறகு பழையதை எடுங்கள். இந்த வரிசை மாறினால் எடுத்த அளவும் தொட்டியின் கணக்கும் பிழைக்கும். புதிய தண்ணீர் படி 4 இன் கலவை, ஒரு நாள் காற்றுவிட்டது, தொட்டியின் சூட்டோடு ஒன்றரைப் பாகைக்குள். ஊற்ற வேண்டாம், எயார் குழாயால் அரை மணித்தியாலமாவது எடுத்து இறங்க விடுங்கள்.

மாற்றம் முடிந்த சில மணித்தியாலத்தில் இறால் கூட்டமாகக் கோது கழற்றினால் புதிய தண்ணீர் மிகவும் வித்தியாசமாக இருந்தது என்று அர்த்தம், அடுத்த கிழமை பாதி அளவு மாற்றுங்கள். கழற்றிய கோது கண்ணாடிப் பேப்பர் போலக் கிடக்கும், செத்த இறால் என்று பதறி எடுக்காதீர்கள். அதையே திரும்பத் தின்று கல்சியம் எடுத்துக்கொள்ளும்.

10. ஒரே நேரத்தில் அளவுங்கள்

பகலில் பாசியும் செடியும் காபனீரொட்சைட்டை எடுக்கும், பிஎச் ஏறும். இரவில் எல்லாமே மூச்சுவிடும், இறங்கும். விடிய 7.4, பின்னேரம் 7.7 என்று வந்தால் அது தொட்டி உயிரோடு இருப்பதன் அடையாளம். இதைத் தெரியாமல் ஒரு நாள் காலையிலும் மறுநாள் மாலையிலும் அளந்து, பிஎச் ஏறுகிறது என்று மருந்து தேடுவார்கள். லைட் போட முன்னம் ஒரு நேரம் வைத்துக்கொண்டு எப்போதும் அதே நேரத்தில் அளவுங்கள். வித்தியாசம் அரைக்கு மேலே போனால் லைட் நேரத்தை ஏழு மணித்தியாலத்துக்குக் குறையுங்கள், அல்லது இரவில் காற்றைக் கூட்டுங்கள்.

கரண்ட் போனால் எயார் பம்ப் நிற்கும், இரவில் காபனீரொட்சைட்டு சேரும், பிஎச் இறங்கும், அதைவிட முக்கியமாக ஒட்சிசன் குறையும். பற்றரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

11. கேஎச் இறங்கிக்கொண்டு போனால்

நாளாந்தம் மழைத்தண்ணீரால் நிரப்பிக் கிழமைக்குக் கலவையால் மாற்றினால் கேஎச் 3 க்கும் 5 க்கும் நடுவில் தானாக நிற்கும். இறால் பெருகி, சாப்பாடு கூடிய தொட்டியில் மெல்ல இறங்கலாம். முதலில் சாப்பாட்டைக் குறையுங்கள், பிறகு கலவையில் கிணற்றுத் தண்ணீரின் பங்கை ஒரு படி கூட்டுங்கள். எங்களுக்கு இருகாபனேற்று கிணற்றிலேயே இருக்கிறது, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

சவர்க் கிணற்றுக்காரருக்கு அப்பச்சோடா உதவும். 100 லீற்றருக்கு 3 கிராம் போட்டால் கேஎச் ஒரு டிகிரி ஏறும், 50 லீற்றருக்கு ஒன்றரைக் கிராம். தராசில் நிறுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். தனியாகத் தண்ணீரில் கரைத்து, மாற்றும் தண்ணீரோடு கலந்து விடுங்கள், ஒரு நாளைக்கு அரை டிகிரிக்கு மேலே ஏற்ற வேண்டாம். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு சாமான், அதில் அமிலமும் மாவும் இருக்கும்.

12. எண் திடீரென்று மாறினால்

முதலில் கையை எடுங்கள். பிஎச் மீட்டரைக் கழுவி, சரிபார்க்கும் கரைசலில் வைத்துப் பாருங்கள், அல்லது சொட்டு மருந்தால் இன்னொரு தடவை அளவுங்கள். மழைத்தண்ணீர் போல உப்பே இல்லாத தண்ணீரில் பேனா மீட்டர் நிலையில்லாமல் ஆடும், அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

மீட்டர் சரி என்றால் கேஎச் பாருங்கள். கேஎச் வழமைபோல் இருந்து பிஎச் மட்டும் இறங்கியிருந்தால் அது காபனீரொட்சைட்டு: ஃபில்டர் அடைத்திருக்கும், பம்ப் நின்றிருக்கும், காற்றைக் கூட்டினால் போதும். கேஎச்சும் ஏறிப் பிஎச்சும் ஏறியிருந்தால் யாரோ கிணற்றுத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஒரு கல் கரைகிறது. கேஎச் ஒன்றுக்குக் கீழே என்றால் மட்டுமே அவசரம்: அன்றைக்குப் பத்து வீதம், மறுநாள் பத்து வீதம் என்று கலவைத் தண்ணீரால் மாற்றி, மூன்று நாலு நாள் எடுத்து மேலே கொண்டுவாருங்கள். அந்த நாட்களில் சாப்பாடு போட வேண்டாம், பாசியில் மேய்ந்துகொள்ளும்.

கொப்பியில் திகதி, நேரம், சூடு, கேஎச், டிடிஎஸ், பிஎச், எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள், எந்தத் தண்ணீர் என்று எழுதுங்கள். கடைசி இரண்டையும்தான் எல்லோரும் எழுத மறப்பார்கள். என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.